பட்டத்தைத் தருவது யார்? பல்துறை முனைவர் திட்டம் ஒன்றில் ஒரு நிகழ்வு ஆய்வு

ஜெர்மனியின் ஒரு பல்கலைக்கழகத்தில், நரம்பறிவியலுக்கான பல்துறை முனைவர் திட்டத்தில் நான் ஒருங்கிணைப்பாளராக இருந்தபோது நடந்தது இது. இதில் வரும் ஆய்வாளர் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர். அவருடைய ஒப்புதலோடு, அவர் படித்துத் திருத்திய பிறகே இதை வெளியிடுகிறேன். பெயர்கள் எதுவும் இல்லை; அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். நடந்த தவறுகளில் ஒன்று என்னுடையது. அதை விட்டுவிட்டு எழுதினால், இதே நிலையில் நிற்கும் அடுத்த ஆய்வாளருக்கு இதனால் ஒரு பயனும் இருக்காது.

## பின்னணி

அவர் மின்னணுவியலில் பி.இ., உயிர்மருத்துவப் பொறியியலில் எம்.டெக். முடித்தவர். தென் மாவட்டச் சிற்றூர் ஒன்றில் பள்ளி ஆசிரியரின் மகள். குடும்பத்தில் முனைவர் பட்ட ஆய்வுக்கு வந்த முதல் ஆள். 2016 அக்டோபரில் எங்கள் திட்டத்தில் சேர்ந்தார்.

அவர் எடுத்துக்கொண்ட ஆய்வுப் பொருள் குறிலும் நெடிலும். தமிழில் 'கல்' என்பதற்கும் 'கால்' என்பதற்கும் உயிரின் நீளம் ஒன்றே வேறுபாடு. ஜெர்மன் மொழியிலும் நகரத்தைக் குறிக்கும் 'ஷ்டட்', அரசைக் குறிக்கும் 'ஷ்டாட்' ஆகிய இரு சொற்கள் அப்படித்தான் பிரிகின்றன. ஒரே ஒலி திரும்பத் திரும்ப வந்துகொண்டிருக்கையில் நடுவே நீளம் மாறிய ஒலி ஒன்று வந்தால், கேட்பவர் கவனிக்காவிட்டாலும் மூளை அதைக் கண்டுகொள்கிறது. தலையில் பொருத்திய மின்முனைகளில், சுமார் 100 முதல் 250 மில்லி நொடிக்குள் அது ஓர் எதிர்மின் அலையாகப் பதிவாகிறது. 1978-இல் பின்லாந்து ஆய்வாளர் ஒருவரும் அவருடைய கூட்டாளிகளும் விவரித்த அலை இது. இதை வைத்து, தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்களும் ஜெர்மனைத் தாய்மொழியாகக் கொண்டவர்களும் உயிர் நீளத்தை எப்படிப் பிரித்துணர்கிறார்கள் என்று ஒப்பிடுவதுதான் திட்டம்.

கேள்வி மொழியியலைச் சேர்ந்தது. அளவீடு நரம்பு உயிரியலைச் சேர்ந்தது. பதிவான அலைகளிலிருந்து இரைச்சலைப் பிரித்தெடுக்கும் கணக்கு பொறியியலைச் சேர்ந்தது. மூன்றையும் ஒரே ஆள் செய்ய முடியும் என்பதால்தான் அவரைத் தேர்ந்தெடுத்தோம்.

சிக்கல் புரிய வேண்டுமானால் ஜெர்மன் முறையைச் சற்று விளக்க வேண்டும். தமிழ்நாட்டில் வேதியியலில் ஆய்வு செய்தாலும் வரலாற்றில் செய்தாலும் கையில் கிடைப்பது பிஎச்.டி. என்ற ஒரே பட்டம். ஜெர்மனியில் முனைவர் பட்டம் தரும் உரிமையைப் பெரும்பாலும் செலுத்துவது அந்தந்தப் புலம், அதாவது பல துறைகளை உள்ளடக்கிய பல்கலைக்கழகப் பிரிவு (ஃபேக்கல்ட்டி). ஒவ்வொரு புலத்துக்கும் தனி விதிமுறை, தனிப் பட்டப் பெயர். இயற்கை அறிவியல் புலம் 'டாக்டர் ரேரும் நாட்டுராலியும்' தருகிறது. சுருக்கமாக 'டாக்டர் ரேர். நாட்.' என்று எழுதுவார்கள். மொழியியல் போன்ற கலைத்துறைகளும் அடங்கும் மெய்யியல் புலம் தருவது 'டாக்டர் ஃபில்.'. பொறியியல் புலம் தருவது 'டாக்டர்-இங்.'. இந்தக் கடைசிப் பட்டத்தை வழங்கும் உரிமையைப் பிரஷியாவின் தொழில்நுட்ப உயர்கல்வி நிறுவனங்கள் 1899-இல்தான் பெற்றன. பழைய பல்கலைக்கழகங்களின் இலத்தீன் பட்டங்களிலிருந்து வேறுபட்டுத் தெரிய அது ஜெர்மன் மொழியில், இடையே ஒரு சிறு கோட்டோடு எழுதப்படுகிறது. அந்தக் கோடு இன்றும் நிற்கிறது.

எங்களுடையதைப் போன்ற பல்துறைத் திட்டம் பல புலங்களின் மேல் விரித்த பந்தல் மட்டுமே. ஆய்வாளரைத் தேர்ந்தெடுக்கும், பாடம் நடத்தும், பணத்துக்கு வழி செய்யும். பட்டம் தராது.

அவருடைய நெறியாளர் பணிபுரிந்ததோ பல்கலைக்கழகத்துக்கு வெளியே உள்ள ஓர் ஆய்வு நிறுவனத்தில். அத்தகைய நிறுவனங்கள் உலகப் புகழ் பெற்றவையாக இருந்தாலும் சொந்தமாக முனைவர் பட்டம் வழங்க முடியாது. நெறியாளர் மொழியியலாளர், எங்கள் பல்கலைக்கழகத்தில் அவருக்குத் தேர்வாளர் உரிமை இருந்தது மெய்யியல் புலத்தில் மட்டும்.

## முதல் பதினெட்டு மாதங்கள்

சேர்ந்த முதல் மாதத்திலேயே அவர் என் அறைக்கு வந்து கேட்டார்: “அக்கா, கடைசியில் எனக்கு எந்தப் பட்டம் கிடைக்கும்? ஊரில் கேட்டால் என்ன சொல்வது?”

திட்டத்தின் அறிமுகக் கையேட்டில் நான்கு பட்டங்களின் பெயர்களும் வரிசையாக இருந்தன. மூன்று மேலே சொன்னவை. நான்காவது, மருத்துவப் புலம் தரும் பிஎச்.டி. யாருக்கு எது என்று அதில் ஒரு வரிகூட இல்லை. நான் சொன்ன பதில் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது: “எல்லாம் முனைவர் பட்டம்தான் அம்மா. முதலில் ஆய்வைப் பார். பெயரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.”

அன்புடன் சொன்னதுதான். தவறான பதில். எந்தப் புலம் என்பதைப் பொறுத்தே முதல் நெறியாளர் யார், எந்த முதுகலைப் பட்டத்தை ஏற்பார்கள், எந்தக் கூடுதல் பாடங்களை எழுத வேண்டும், ஆய்வேடு நூல் வடிவிலா கட்டுரைத் தொகுப்பாகவா என்பதெல்லாம் முடிவாகின்றன. பெயரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றால் இவை அத்தனையையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பொருள்.

அவருக்கு வந்த கடிதம் எங்கள் திட்டத்தின் சேர்க்கைக் கடிதம். புலம் தனியே ஏற்றுக்கொண்டு தரும் கடிதம் என்று ஒன்று உண்டு. தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகப் பதிவுக்கு ஒப்பானது அதுதான். அதை அவர் பெற்றிருக்கவில்லை. பெறவில்லை என்பதே அவருக்குத் தெரியாது. நானும் சரிபார்க்கவில்லை. நெறியாளருக்கோ சந்தேகமே எழவில்லை. தன் மாணவர் தன் புலத்தில்தான் பட்டம் பெறுவார் என்று அவர் இயல்பாக எடுத்துக்கொண்டார்.

ஆய்வு நன்றாகவே நடந்தது. முதல் கட்டுரையின் வரைவு 2017 இறுதியில் தயாரானது.

## 2018 மார்ச்: தெரியவந்தது

அவருடைய ஒப்பந்தம் மூன்று ஆண்டுகளுக்கானது. நீட்டிப்புக்கான முன்னேற்பாட்டில், புலத்தின் ஏற்புக் கடிதத்தைக் கேட்டார்கள். நெறியாளர் படிவத்தை நிரப்பிக் கையெழுத்திட்டு அனுப்பிவைத்தார். அதில் 'விரும்பும் பட்டம்' என்ற கட்டத்தில் 'டாக்டர் ஃபில்.' என்று இருந்தது.

மறுநாள் காலை அந்த ஆய்வாளர் என் அறையில் இருந்தார். அழவில்லை, ஆனால் குரல் இறுகியிருந்தது. எம்.டெக். படித்தவர், பொறியியல் அல்லது அறிவியல் துறையில் ஆசிரியராக ஊர் திரும்ப விரும்புகிறவர், மெய்யியல் புலத்தின் பட்டத்தோடு போனால் எந்தத் துறை ஏற்கும் என்பதே அவர் கேள்வி. கூடவே இன்னொரு இடி. மெய்யியல் புல அலுவலகம், மொழியியலில் முன்பட்டம் இல்லாதவர் என்பதால் ஓராண்டு அளவுக்கு மொழியியல் பாடங்களைப் படித்துத் தேர்ச்சி பெற்ற பிறகே ஏற்க முடியும் என்று பதில் எழுதியிருந்தது.

நான் அடுத்த இரண்டு வாரம் மற்ற ஆய்வாளர்களையும் ஒவ்வொருவராக அழைத்துப் பேசினேன். புலத்தின் ஏற்புக் கடிதம் இல்லாதவர் அவர் ஒருவர் மட்டும் அல்லர். வெளி ஆய்வு நிறுவனங்களில் இருந்தவர்களிடமே இந்தக் குழப்பம் கூடுதலாக இருந்தது. ஜெர்மானிய மாணவர்களில் பெரும்பாலோர் முதுகலையிலேயே ஒரு புலத்தின் பிள்ளைகளாக இருந்ததால் அவர்களுக்குக் கேள்வியே எழவில்லை. வெளிநாட்டிலிருந்து வந்தவர்களுக்குத்தான் புலம் என்ற சொல்லின் எடை தெரியவில்லை. அதைச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பு எங்களுடையது.

## முன்னிருந்த வழிகள்

நான்கு வழிகளையும் ஒரு தாளில் எழுதிவைத்துப் பேசினோம்: அவர், நெறியாளர், ஆய்வுக் குழுவில் இரண்டாமவராக இருந்த நரம்பு உயிரியல் பேராசிரியர், நான்.

முதல் வழி, டாக்டர் ஃபில். பட்டத்திலேயே தொடர்வது. நெறியாளர் மாற வேண்டாம். ஓராண்டுப் பாடங்கள் எழுத வேண்டும். அந்தப் புலம் அப்போது ஒரே நூலாக எழுதிய ஆய்வேட்டையே எதிர்பார்த்தது. கட்டுரைகளாக வெளியிட்டுவந்த அவர் எல்லாவற்றையும் மீண்டும் நூலாக எழுத வேண்டும். பிஎச்.டி. என்ற சொல்லும் 'டாக்டர் ஃபில்.' என்ற சொல்லும் ஒரே இலத்தீன் தொடரின் இரண்டு சுருக்கங்கள்தான். ஜெர்மன் மெய்யியல் புலங்களின் பட்டத்தைப் பார்த்துத்தான் அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகம் 1861-இல் முதல் பிஎச்.டி. பட்டங்களை வழங்கியது, இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டு 1917-இல்தான் ஏற்றது. பெயரின் வரலாற்றை வைத்துப் பார்த்தால் பிஎச்.டி.க்கு மிக நெருங்கிய உறவு டாக்டர் ஃபில்.தான். இதை நெறியாளர் அழகாக எடுத்துச் சொன்னார். ஆனால் விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் குழு சொல்லின் வரலாற்றைப் பார்க்காது. எந்தப் புலம் தந்தது என்று பார்க்கும்.

இரண்டாம் வழி, டாக்டர்-இங். அவருடைய எம்.டெக்.குக்குப் பொருந்துவது. ஆனால் ஆய்வில் பொறியியல் பகுதி சிறியது; பொறியியல் புலத்தில் அவரை ஏற்க முன்வந்த பேராசிரியர் யாரும் இல்லை. புதிய நெறியாளர் என்றால் புதிய ஆய்வு. இதைச் சீக்கிரமே விட்டுவிட்டோம்.

மூன்றாம் வழி, மருத்துவப் புலத்தின் பிஎச்.டி. அவர் மனம் இதில்தான் இருந்தது. ஊரில் அப்பாவுக்குப் புரியும் சொல், வேலைப் படிவத்தில் கேட்கும் சொல் அதுவே. ஆனால் அந்தப் புலம், தன் விதிமுறையின்கீழ் முதல் நாளிலிருந்து பதிவு செய்து, மூவர் கொண்ட ஆய்வுக் குழுவோடு வந்தவர்களுக்கு மட்டுமே அதைத் தந்தது. இரண்டாம் ஆண்டில் நடுவே நுழைய இடமில்லை. 2016 அக்டோபரில் அவர் கேட்டபோதே நான் படிவத்தைக் காட்டியிருந்தால் அந்தக் கதவு திறந்திருந்தது. இதை நான் அந்தக் கூட்டத்திலேயே சொன்னேன்.

நான்காம் வழி, டாக்டர் ரேர். நாட். நரம்பு உயிரியல் பேராசிரியர் முதல் நெறியாளராக முன்வந்தார். அந்தப் புலம் கட்டுரைத் தொகுப்பை ஏற்கும். மூன்று கட்டுரைகள், அவற்றைப் பிணைக்கும் ஒரு விரிவான முன்னுரை. எம்.டெக். பட்டத்தைத் தனியே பரிசீலித்து, நரம்பு உயிரியல் அடிப்படைப் பாடங்கள் இரண்டில் தேர்வெழுதச் சொன்னார்கள்.

## முடிவும் அதன் காரணமும்

நான்காம் வழியை அவர் தேர்ந்தெடுத்தார். காரணங்களில் முதன்மையானது வேலைதான் என்று அவர் ஒளிக்காமல் சொன்னார். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆய்வாளர் பட்டம் பெற்ற பிறகும் முப்பது ஆண்டுகள் உழைக்க வேண்டியவர். எந்த வாசலுக்குள் அந்தப் பட்டம் அவரை அனுமதிக்கும் என்று கேட்க அவருக்கு முழு உரிமை உண்டு. இரண்டாவது காரணம், கட்டுரைகளாக எழுதிய உழைப்பு வீணாகாது என்பது.

விலை இருந்தது. மொழியியல் நெறியாளர் முதல் இடத்திலிருந்து இரண்டாம் இடத்துக்கு மாற வேண்டியிருந்தது. யோசனையும் ஆய்வுக்கூடமும் பணமும் அவருடையவை. ஆய்வேட்டின் முகப்பில் முதலில் வருவது இன்னொருவர் பெயர். அவர் ஒப்புக்கொண்டார், ஆனால் மனம் நொந்தார். சில மாதங்கள் அவர்கள் இருவரும் வேலை பற்றி மட்டுமே பேசிக்கொண்டார்கள். நல்ல மனிதர்கள் நடுவே ஒரு படிவத்தின் ஒற்றைக் கட்டம் இவ்வளவு குளிரைக் கொண்டுவர முடியும் என்பதை நான் அப்போது பார்த்தேன்.

புல மாற்றம், பாடங்கள், தேர்வுகள் எல்லாம் முடிந்து ஏற்புக் கடிதம் வர 2018 நவம்பர் ஆயிற்று. ஏறக்குறைய எட்டு மாதங்கள் ஆய்வு மெதுவாயிற்று. ஒப்பந்த நீட்டிப்பு அதனால் தள்ளிப்போய், இடையில் சில மாதங்கள் அவர் அரைச் சம்பளத்தில் இருந்தார்.

## ஆய்வேடும் வாய்மொழித் தேர்வும்

2020 மார்ச்சில் பெருந்தொற்றால் ஆய்வுக்கூடம் மூடப்பட்டபோது அளவீடுகள் முடிந்திருந்தன. ஆய்வேட்டை 2021 தொடக்கத்தில் ஒப்படைத்தார். ஜூனில் வாய்மொழித் தேர்வு, பாதி அறையில் பாதி திரையில். 'மக்னா கும் லாவுதே' என்ற உயர் தரத்தில் தேறினார். நெறியாளர்கள் இருவரும் அவருக்குச் சேர்ந்து தொப்பி அணிவித்தார்கள். ஆய்வுக்கூடத் தோழர்கள் கையால் செய்த தொப்பி, மேலே அட்டையில் வெட்டிய 'கா' என்ற எழுத்து.

## அழைப்பிதழ்

தமிழ்நாட்டில் வாய்மொழித் தேர்வு முடிந்த அன்றே ஒருவர் முனைவர் ஆகிவிடுகிறார். அன்று மாலையே வாழ்த்துப் பதாகை எழுந்துவிடும். நடைமுறைக்கும் அது பெரிதும் பொருந்துகிறது: பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) ஒழுங்குமுறைகளின்படி, பட்டமளிப்புக்கு முன்பே பல்கலைக்கழகம் தற்காலிகச் சான்றிதழ் தந்துவிடுகிறது.

ஜெர்மனியில் அப்படி இல்லை. வாய்மொழித் தேர்வில் தேறியவர் ஆய்வேட்டை வெளியிட வேண்டும்: அச்சிட்டோ, பல்கலைக்கழக நூலகத்தின் மின்களஞ்சியத்தில் சேர்த்தோ. அதன் பிறகே பட்டயம், அதாவது பட்டத்தை வழங்கும் ஆவணம், கையில் தரப்படும். பட்டயம் கைக்கு வரும்வரை பெயருக்கு முன்னால் 'டாக்டர்' என்று போட உரிமை இல்லை. சில புலங்கள் இடைக்காலத்துக்கு 'டாக்டர் தெஸ்.', அதாவது நியமனம் பெற்ற முனைவர், என்று போட அனுமதிக்கின்றன. அவருடைய புலம் அனுமதிக்கவில்லை. உரிமையில்லாமல் கல்விப் பட்டத்தைப் பயன்படுத்துவது ஜெர்மன் தண்டனைச் சட்டத்தின் 132ஏ பிரிவின்கீழ் ஓராண்டு வரை சிறை அல்லது அபராதத்துக்குரிய குற்றம்.

இதை வெற்று மிரட்டல் என்று எண்ணிவிட வேண்டாம். 2008-இல், அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பிஎச்.டி. பெற்று ஜெர்மன் ஆய்வு நிறுவனங்களில் பணிபுரிந்த அறிவியலாளர்கள் சிலர், 'டாக்டர்' என்று போட்டுக்கொண்டதற்காகக் காவல்துறை விசாரணைக்கு ஆளான செய்தி உலகப் பத்திரிகைகளில் வந்தது. அதன் பிறகு அமெரிக்கப் பட்டங்களுக்கு விதி தளர்ந்தது. இந்தியாவில் பெற்ற பிஎச்.டி.யை இன்றும் பெற்ற வடிவிலேயே, பெயருக்குப் பின்னால்தான் போட வேண்டும். தானாக அது 'டாக்டர்' ஆகிவிடாது. முனைவர் பட்டத்தைக் கடவுச்சீட்டிலும் அடையாள அட்டையிலும் பதிய இடம் கொடுக்கும் நாடு அது. பட்டத்தின் பெயருக்கு அங்கே அவ்வளவு எடை.

அவருக்கு ஆவணியில் திருமணம் நிச்சயமாகியிருந்தது. ஆய்வேட்டின் மூன்றாவது கட்டுரை அப்போதுதான் இதழின் பரிசீலனையில் இருந்தது. அது வெளிவரும் முன் ஆய்வேட்டைப் பொதுக் களஞ்சியத்தில் இட அவர் தயங்கினார். முதல் இரண்டு கட்டுரைகளுக்கும் பதிப்பாளரின் அனுமதிக் கடிதம் வேண்டியிருந்தது. வெளியீடு தள்ளிப்போயிற்று. ஊரில் அழைப்பிதழ் அச்சாயிற்று. மணமகள் பெயருக்கு முன்னால் 'முனைவர்', பெயருக்குக் கீழே அடைப்புக்குள் பல்கலைக்கழகத்தின் பெயர்.

அந்த அழைப்பிதழை அவர் மகிழ்ச்சியோடு ஆய்வுக்கூடத்தின் குழுவில் பகிர்ந்தார். ஆங்கிலத்திலும் ஒரு பக்கம் இருந்ததால் 'டாக்டர்' என்ற சொல் எல்லோருக்கும் புரிந்தது. அதே வாரம் ஆய்வுக்கூடத்தின் இணையப் பக்கத்திலும் யாரோ வாழ்த்தாக அவர் பெயருக்கு முன்னால் அதைச் சேர்த்திருந்தார்கள். சக பணியாளர் ஒருவர் என்னிடம் அமைதியாக வந்து சொன்னார்.

நான் பல்கலைக்கழகச் சட்ட அலுவலகத்தில் பெயர் சொல்லாமல் கேட்டேன். இணையப் பக்கத்தை உடனே திருத்தச் சொன்னார்கள். இந்தியாவில் குடும்பம் அச்சிட்ட அழைப்பிதழ் குறித்து அவர்கள் எதுவும் செய்யப்போவதில்லை என்றார்கள். ஆனால் அவர் தாமே கையெழுத்திடும் எந்தத் தாளிலும், குறிப்பாக வேலை விண்ணப்பத்தில், பட்டயம் வரும்வரை அது வரக் கூடாது என்று அழுத்திச் சொன்னார்கள்.

அவருடைய அப்பாவிடம் தொலைபேசியில் பேசியது நான்தான். “ஐயா, உங்கள் மகள் தேர்வில் தேறிவிட்டார். அதை யாரும் திருப்பி வாங்க முடியாது. அந்த ஊர்ச் சட்டத்தில் பட்டயம் கைக்கு வந்த பிறகுதான் அந்தச் சொல்லைப் போடலாம்” என்றேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “பத்திரிகை கொடுத்து முடித்துவிட்டோமே அம்மா, வீடு வீடாகப் போய் நான் என்ன சொல்வேன்?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. மண்டபத்து வாசலில் வைக்கவிருந்த பதாகையில் மட்டும் அந்தச் சொல்லை எடுக்கச் செய்தார்.

## வேலை விண்ணப்பம்

2021 செப்டம்பரில், அழைப்பிதழ்ப் பேச்சு முடிவதற்குள்ளேயே, தமிழ்நாட்டில் ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தின் உயிர்மருத்துவப் பொறியியல் துறையில் உதவிப் பேராசிரியர் பணிக்கு அவர் விண்ணப்பித்தார். தொடர்புடைய துறையில் முனைவர் பட்டம் வேண்டும் என்று அறிவிப்பில் இருந்தது. படிவத்தில் 'பிஎச்.டி. பெற்ற நாள்' என்ற கட்டத்தில் வாய்மொழித் தேர்வு நாளை எழுதினார். தமிழ்நாட்டில் எல்லோரும் அப்படித்தான் எழுதுவார்கள். ஆனால் அவரிடம் இருந்தது 'தேர்வில் தேறினார். பட்டத்தைப் பயன்படுத்த இன்னும் உரிமை இல்லை' என்று ஜெர்மனில் சொல்லும் ஓர் இடைக்கால அறிவிப்பு. மொழிபெயர்ப்பை இணைக்கச் சொன்னபோது அந்த இரண்டாவது வாக்கியம் குழுவின் கண்ணில் பட்டது. மோசடி என்று யாரும் சொல்லவில்லை. விண்ணப்பத்தை ஒதுக்கிவைத்தார்கள்.

2021 டிசம்பரில் ஆய்வேடு களஞ்சியத்தில் ஏறியது. 2022 ஜனவரியில் பட்டயம் வந்தது. வந்ததும் அடுத்த வேலை தொடங்கியது. இந்தியப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பிடம் இணைத்தன்மைச் சான்று பெற வேண்டும். ஒரு நாட்டின் ஆவணத்தை மற்ற நாடுகள் ஒரே முத்திரையோடு ஏற்க வழிசெய்யும் ஹேக் அப்போஸ்டில் உடன்படிக்கையில் இரண்டு நாடுகளும் இருந்தாலும், இந்தியா அதில் சேர்ந்தபோது ஜெர்மனி ஆட்சேபம் தெரிவித்ததால் இவ்விரு நாடுகளுக்கிடையே அது செல்லாது; ஜெர்மன் அதிகாரிகளின் உறுதிப்பாடு, பிறகு இந்தியத் துணைத் தூதரகத்தின் முத்திரை என்று நீண்ட வழியில் போக வேண்டும். போனார்.

இணைத்தன்மைச் சான்று வந்தது. பட்டம் இந்தியப் பிஎச்.டி.க்கு இணை என்று அதில் இருந்தது. எந்தத் துறையில் என்று இல்லை. பட்டயத்திலும் இல்லை, இலத்தீனில் 'இயற்கைப் பொருள்களின் அறிஞர்' என்பதோடு அது நின்றுவிடுகிறது. மறுபடியும் விண்ணப்பித்தபோது குழு கேட்டது அதைத்தான்: எந்தத் துறை?

புல முதல்வர் அலுவலகத்திலிருந்து ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வாங்கினோம். டாக்டர் ரேர். நாட். என்பது ஐரோப்பிய உயர்கல்வியின் மூன்றாம் நிலைப் பட்டம், ஆய்வேட்டின் துறை நரம்பு உயிரியல், தலைப்பு இன்னது, தேர்வாளர்கள் இன்ன துறையினர், வாய்மொழித் தேர்வு நாள் இன்னது, பட்டம் செல்லுபடியாகும் நாள் இன்னது. இரண்டு நாள்களையும் தனித்தனியே குறிப்பிட வேண்டும் என்று நான் வற்புறுத்தினேன். அலுவலகத்தில் இதுவரை யாரும் இப்படிக் கேட்டதில்லை என்றார்கள். எழுதித் தர பத்து நிமிடம் ஆயிற்று. கடிதம் போதுமானதாக இருந்தது. 2022 ஜூனில் அவர் பணியில் சேர்ந்தார்.

## நாங்கள் மாற்றியவை

அறிமுகக் கையேட்டிலிருந்து பட்டங்களின் வரிசையை எடுத்துவிட்டோம். அதற்குப் பதில் ஒவ்வொரு நெறியாளர் பெயருக்கும் எதிரே, அவர் எந்தப் புலத்தில் தேர்வாளர், அந்தப் புலம் எந்தப் பட்டம் தரும், எந்த முதுகலைப் பட்டங்களை ஏற்கும், ஆய்வேடு எந்த வடிவில் என்று எழுதினோம். புதிதாகச் சேர்பவர் மூன்று மாதத்துக்குள் புலத்தின் ஏற்புக் கடிதத்தைக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் அழைத்துப் பேசுவது ஒருங்கிணைப்பாளரின் கடமை. நெறியாளர் வெளி நிறுவனத்தவர் என்றால் புலத்திலிருந்து இன்னொருவர் தொடக்கத்திலேயே சேர்க்கப்படுகிறார். பிற்காலத்தில் யாரும் யாரையும் இடம் மாற்ற வேண்டியதில்லை.

முதல் சந்திப்பில், எந்த நாட்டில் எந்த வேலைக்குப் போக விரும்புகிறீர்கள் என்று நான் நேராகவே கேட்கத் தொடங்கினேன். ஒரு பேராசிரியர் இதைக் கேட்டு, அறிவு தேடி வந்தவரிடம் முதல் நாளே வேலையைப் பற்றிப் பேசுவதா என்று வருந்தினார். அவர் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் திரும்பிப் போக வேண்டிய ஊர் உள்ளவருக்கு இந்தக் கேள்வியும் ஆய்வின் பகுதிதான். இந்தியாவுக்குத் திரும்ப விரும்புகிறவர்களிடம், தங்கள் முதுகலையும் முனைவர் பட்டமும் ஒரே துறை வரிசையில் நிற்கின்றனவா என்று முதலில் பார்க்கச் சொல்கிறேன். யு.ஜி.சி.யின் 2018 ஒழுங்குமுறை, உலகத் தரவரிசையில் முதல் 500 இடங்களுக்குள் வரும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் பிஎச்.டி. உள்ளவருக்கு நெட் எனும் தேசியத் தகுதித் தேர்விலிருந்து விலக்குத் தருகிறது. அந்த விலக்குப் பொருந்தாதவர்களுக்கு, முதுகலை 'தொடர்புடைய அல்லது சார்ந்த பாடத்தில்' இருக்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. 2025 ஏப்ரலில் வெளிநாட்டுப் பட்டங்களின் இணைத்தன்மைக்கென யு.ஜி.சி. தனி ஒழுங்குமுறையையும் அறிவித்திருக்கிறது. இப்போது திரும்புகிறவர்கள் அதைப் படித்துக்கொள்ள வேண்டும்.

வாய்மொழித் தேர்வு முடிந்த அன்றே கையில் தர ஒரு பக்கத் தாள் ஒன்றும் வைத்திருக்கிறோம். இன்ன நாள் வரை இந்தச் சொல்லைப் போட வேண்டாம், பதிப்பாளர் அனுமதிகளைத் தேர்வுக்கு முன்பே கேளுங்கள், புலத்தின் ஆங்கிலக் கடிதத்தைப் பட்டயத்தோடு சேர்த்தே வாங்குங்கள் என்று அதில் இருக்கிறது. அந்தத் தாளின் தமிழ் வடிவத்தை எழுதியவர் இந்த ஆய்வாளர். அதில் நான் நினைத்தே பார்க்காத ஒரு வரியைச் சேர்த்தார்: 'வீட்டில் திருமணம், புதுமனை புகுவிழா இருந்தால் அழைப்பிதழ் அச்சாகும் முன் பெற்றோரிடம் சொல்லுங்கள்.'

மாற்ற முடியாமல் போனதும் உண்டு. நான்கு புலங்களும் சேர்ந்து பல்துறை ஆய்வாளர்களுக்கு ஒரே பொது விதிமுறை வகுக்க வேண்டும் என்ற முன்மொழிவு இரண்டு முறை கூட்டத்துக்கு வந்தது. எந்தப் புலமும் தன் உரிமையில் ஒரு பங்கை விட்டுத்தர முன்வரவில்லை. நான் அந்தப் பொறுப்பிலிருந்து விலகும்போதும் அது அப்படியே இருந்தது.

## இப்போது

2023-இல் அவர் நெறியாளர் அங்கீகாரத்துக்கு விண்ணப்பித்தார். யு.ஜி.சி.யின் 2022 ஒழுங்குமுறைப்படி உதவிப் பேராசிரியர் ஒருவர் நெறியாளராக மூன்று ஆய்வுக் கட்டுரைகள் வேண்டும். ஆய்வேட்டின் மூன்றும் அதற்குப் பயன்பட்டன. எந்தத் துறையில் நெறியாளர் என்ற கேள்வி இங்கும் எழுந்தது. புல முதல்வரின் அதே கடிதத்தைக் காட்டி, உயிர்மருத்துவப் பொறியியலில் அங்கீகாரம் பெற்றார்.

முதலில் அவரிடம் வந்தவர் மொழியியலில் எம்.ஏ. படித்த ஒரு பெண். மழலைகள் குறில் நெடிலைக் கற்கும் விதத்தை ஆராய விரும்பினார். ஆய்வுத் தலைப்பைப் பேசுவதற்கு முன், பொறியியல் புலத்தில் அந்தப் பெண்ணின் எம்.ஏ.வை ஏற்பார்களா என்று நம் ஆய்வாளர் பதிவாளர் அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டார். ஏற்க முடியாது என்று பதில் வந்தது. அந்தப் பெண்ணை வேறொரு பல்கலைக்கழகத்தின் மொழியியல் துறையில் பதிவு செய்யவைத்து, தாம் இணை நெறியாளராகச் சேர்ந்துகொண்டார்.